மூன்றரை வட்டிக் கடனும் வட்டியில்லாத ஐம்பது நாளும்

தமிழ்நாட்டில் ஒருவர் வட்டிக்குப் பணம் வாங்கியிருக்கிறார் என்றால், வட்டி எவ்வளவு என்ற கேள்விக்கு ஆண்டுச் சதவீதத்தில் பதில் வருவது அபூர்வம். நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதான் நமக்குப் பழகிய அளவு. வங்கியில் நகையை வைத்தால் ஏறக்குறைய முக்கால் வட்டி, அதாவது நூற்றுக்கு 75 பைசா. தெரிந்தவர்களிடம் வாங்கினால் ஒரு வட்டி அல்லது ஒன்றரை வட்டி. அவசரத்துக்கு ஈடில்லாமல் வாங்கினால் மூன்று வட்டி. அதற்கும் மேலே போனால் கந்துவட்டி என்று சொல்லத் தொடங்கிவிடுவோம். இதே அளவுகோலைக் கிரெடிட் கார்டுக்கும் வைத்துப் பார்க்கலாம். இந்தியாவில் பரவலாக வழங்கப்படும் கார்டுகள் பலவற்றில், பாக்கி வைத்த தொகைக்கு மாத வட்டி 3.5 சதவீதம் முதல் 3.75 சதவீதம் வரை இருக்கிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. ஆகவே மூன்றரை வட்டி என்று சொல்லப்படுவது, கையைவிட்டுப் போகும்போது நூற்றுக்கு நான்கு ரூபாய் 13 காசாகிவிடுகிறது. கூட்டுவட்டியைச் சேர்க்காமலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 49.5 சதவீதம்.

இவ்வளவு விலையுள்ள கடனைத் தரும் அதே கார்டுதான், பில் தொகையைக் குறித்த நாளில் முழுதாகக் கட்டிவிடுபவருக்கு, 45 முதல் 50 நாட்கள் வரை ஒரு காசு வட்டியில்லாமல் பணத்தைப் புரட்டிக்கொள்ள இடம் கொடுக்கிறது. கார்டே வேண்டாம் என்பவர்களும், பொறுப்பாகப் பயன்படுத்தினால் தவறில்லை என்பவர்களும் பெரும்பாலும் ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்காமல் போவதற்குக் காரணம், இருவரும் இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுவதுதான். பணம் செலுத்தும் கருவி ஒன்று, கொஞ்சம் கட்டி மீதியைத் தள்ளிக்கொண்டே போகும் ஈடில்லாத சுழல் கடன் இன்னொன்று. இரண்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டில் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன.

இவை இரண்டும் பிறவியிலேயே ஒட்டியவை அல்ல. 1950-இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப் கார்டில், மாதக் கணக்கை மாதத்தோடு முழுமையாகத் தீர்த்துவிட வேண்டும். பாக்கி வைத்து வட்டி கட்டும் வசதி அதில் கிடையாது. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே தபாலில் கார்டு அனுப்பியது. எங்கும் செல்லுபடியாகும் கார்டோடு, கொஞ்சம் கட்டி மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளும் ஏற்பாட்டையும் இணைத்துப் பெரிய அளவில் பரப்பியது அந்தத் திட்டம்தான். பின்னாளில் விசா என்று பெயர் பெற்றதும் அதுவே. கேட்காதவருக்குக் கார்டு அனுப்புவதை அமெரிக்கா 1970-இல் தடைசெய்தது. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளும் இன்று அதைத் தடைசெய்கின்றன. தள்ளிவைக்கும் ஏற்பாடு மட்டும் பல நாட்டுக் கார்டுகளில் நிலைத்துவிட்டது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பில்லை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வருகிறது, 25-ஆம் தேதி கெடு என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 6-ஆம் தேதி ஒருவர் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினுமாக 50,000 ரூபாய்க்கு வாங்குகிறார். மே 5-ஆம் தேதி பில் வருகிறது. மே 25-க்குள் 50,000 ரூபாயையும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. ஆனால் பில்லில் 'டோட்டல் டியூ' என்ற தொகைக்குப் பக்கத்திலேயே 'மினிமம் டியூ', அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது, 2,500 ரூபாய் என்று இன்னொரு தொகையும் இருக்கிறது. இந்த மாதம் கொஞ்சம் இறுக்கம் என்று நினைத்து அவர் அதை மட்டும் கட்டுகிறார். அபராதம் இல்லை, வங்கியிலிருந்து போன் இல்லை, கடன் மதிப்பெண்ணில் தாமதக் குறியும் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும்.

ஜூன் 5-ஆம் தேதி ஸ்டேட்மென்டில் நடப்பது வேறு. கார்டுக்காரருக்குச் சாதகமான முறையிலேயே, கட்டிய 2,500 ரூபாயை முழுதாகக் கழித்துவிட்டு மீதி 47,500 ரூபாய்க்கு மட்டும் வட்டி போட்டுப் பார்ப்போம். அந்த வட்டி கெடு முடிந்த மே 25-லிருந்து தொடங்குவதில்லை. பாக்கி வைத்த கணமே வட்டியில்லாக் காலம் என்ற சலுகை பின்தேதியிட்டு ரத்தாகிவிடுவதால், பொருள் வாங்கிய ஏப்ரல் 6-லிருந்து 61 நாட்களுக்கு வட்டி ஓடுகிறது. ஆண்டுக்கு 42 சதவீதம் என்ற கணக்கில் அது 3,334 ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி. 600 ரூபாய். மொத்தப் பாக்கி 51,434 ரூபாய். 2,500 ரூபாய் கட்டிய பிறகு, வாங்கிய நாளில் இருந்ததைவிட 1,434 ரூபாய் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறார்.

அடுத்த மாதத்திலிருந்து மினிமம் டியூ தொகையே ஏறிவிடும். கடன் குறையாமல் பெருகிக்கொண்டே போகும்படி குறைந்தபட்சத் தொகையை வைக்கக் கூடாது என்பது 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு நெறிமுறைகளில் உள்ள விதி. அதனால் வட்டி, வரி முழுவதும் அதில் சேரும். அசலில் 5 சதவீதம் போல அதற்கு மேல் சேரும். இதன்படி கட்டிக்கொண்டே வந்தால், புதிதாக ஒரு ரூபாய்க்குக்கூடக் கார்டைத் தேய்க்காமல் இருந்தாலும், அசல் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 14 மாதங்கள் பிடிக்கும். அதுவரை கட்டும் ஒவ்வொரு ஒன்பது ரூபாயிலும் நான்கு ரூபாய்க்கு மேல் வட்டிக்கும் வரிக்கும் போயிருக்கும். தேய்க்காமல் இருப்பதும் நடக்காத காரியம். பழைய பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது என்பதால், அந்த மாதங்களில் போட்ட பெட்ரோலுக்கும் வாங்கிய மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி உண்டு. கார்டைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் எந்த நிலையிலும் முதல் நாளிலிருந்தே வட்டிதான். அதோடு, எடுத்த தொகையில் 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய் என்ற அளவில் கட்டணமும் பல வங்கிகளில் உண்டு.

இந்த மினிமம் டியூ என்ற எண்ணை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அது கெட்ட எண்ணம் கொண்ட ஒரு தந்திரம் என்று சொல்ல வரவில்லை; வேலை போன மாதத்தில் தாமத அபராதத்திலிருந்தும் மதிப்பெண் சரிவிலிருந்தும் அது காப்பாற்றும். ஆனால் ஒரு பில்லில் 50,000 என்றும் 2,500 என்றும் இரண்டு தொகைகளைப் பார்ப்பவரின் மனம், இரண்டாவதை வங்கியே பரிந்துரைத்த தொகையாக எடுத்துக்கொண்டுவிடுகிறது. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பில்லிலும், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் எத்தனை ஆண்டுகளில் கடன் தீரும், மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள் என்று அந்த வாடிக்கையாளரின் பாக்கியை வைத்தே கணக்கிட்டு அச்சிட வேண்டும். நம் ஊர் பில்லில் கட்டாயமாக இருப்பது, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் பல மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ நீளும், வட்டி பெருகும் என்ற பொதுவான எச்சரிக்கை வாக்கியம். சிகரெட் பெட்டியின் எச்சரிக்கையைப் போல அதுவும் கண்ணுக்குப் பழகிப்போகிறது. தன் பாக்கிக்கு எத்தனை மாதம் என்ற எண் தெரிந்தால் பலர் நகையை விற்றாவது முதல் மாதமே கட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா என்ற கேள்வி இயல்பாக எழும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தனியார் வட்டிக்காரர்களைக் குறிவைத்தது. வங்கிகள் அதன் பிடிக்குள் வருவதில்லை. வங்கி விதித்த வட்டி மிகையானது என்ற காரணத்தைக் காட்டி நீதிமன்றம் கடன் கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்க முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு சொல்கிறது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், கெடுத் தேதிக்குள் கட்டாத கார்டுதாரர்களிடம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் எல்லைக்குட்பட்ட விஷயம், ஆணையம் அதில் தலையிட முடியாது என்பதே அதன் சாரம். ரிசர்வ் வங்கியோ, விதிக்கும் வட்டி செலவுக்கும் நியாயமான ஆதாயத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறதே தவிர, இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எண் எதையும் வைக்கவில்லை. எனவே மூன்றரை வட்டி சட்டப்படியானது. ஈடில்லாத கடன், வராக்கடன் ஆபத்து என்று வங்கிகள் தரப்பிலும் நியாயம் சொல்லப்படுகிறது. அந்த ஆபத்து உண்மையானதுதான். 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகள் கார்டுக் கடன்களுக்காக எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் ஆபத்து எடையை 125 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது, ஈடில்லாத நுகர்வோர் கடன் வளர்ந்த வேகம் கண்டுதான்.

வங்கிக்கு இன்னொரு வருமானமும் இருக்கிறது. கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் ஏறக்குறைய இரண்டு சதவீதம் கட்டணம் தருகிறார். அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக், விமான நிலைய ஓய்வறை எல்லாம் இதிலிருந்தும், பாக்கி வைப்பவர்கள் கட்டும் வட்டியிலிருந்தும்தான் வருகின்றன. மாதாமாதம் முழுதாகக் கட்டும் ஒருவர் வருடத்தில் சில ஆயிரம் ரூபாய் கேஷ்பேக் பெறுவதற்கு, முழுதாகக் கட்ட முடியாத ஒருவர் எங்கோ மூன்றரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது கொஞ்சம் உறுத்தலான உண்மை.

கார்டு வைத்திருப்பதாலேயே செலவு கூடுகிறது என்ற குற்றச்சாட்டிலும் பொருள் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இருவர், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கமாகக் கட்டச் சொல்லப்பட்டவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். கையிலிருந்து நோட்டு போவதைப் பார்ப்பதில் உள்ள வலி கார்டில் இல்லை. இந்தியாவில் 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. செயலியில் இணைத்துவிட முடிகிறது. அப்படி இணைத்தவர் டீக்கடை க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்யும்போது, போவது சேமிப்புக் கணக்கின் பணமா கடனா என்பது திரையில் ஒரு சிறிய தேர்வாக மட்டுமே எஞ்சுகிறது. 2024-இன் தொடக்கத்தில் நாட்டில் புழக்கத்திலிருந்த கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படும் 'நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.' பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம்: வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் பிராசசிங் கட்டணமும் வாங்குபவர் தலையில்தான். ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியும் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு, பொறுப்பாகப் பயன்படுத்தினால் போதும் என்ற அறிவுரைக்கு வருவோம். அது பாக்கி வைப்பதை ஒரு குணக்கேடாகப் பார்க்கிறது என்பதுதான் எனக்கு அதில் உள்ள குறை. மாதக் கடைசி வேலை நாளில் சம்பளம் தவறாமல் வங்கியில் விழும் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியரையும், திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒரு சிறு யூனிட் உரிமையாளரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாமவர் ஆசிரியரைவிடக் கணக்கில் கறாரானவராக இருக்கலாம்; ஒவ்வொரு பைசாவையும் நோட்டில் எழுதுபவராக இருக்கலாம். ஆனால் வேலை கொடுத்த கம்பெனியிடமிருந்து அவருக்குப் பணம் வர 60 நாளோ 90 நாளோ ஆகும். நூலுக்கும் உதிரிபாகங்களுக்கும் கார்டில் செய்த செலவுக்கு அவகாசம் 50 நாள். அந்த இடைவெளியை ஒழுக்கத்தால் நிரப்ப முடியாது, கையிருப்பால்தான் முடியும். ஆசிரியர் வீட்டிலேயேகூட, சேமிப்பு எதுவும் இல்லாத நிலையில் ஒரு மருத்துவமனை பில் வந்துவிட்டால், அந்த மாதம் அவரும் மினிமம் டியூ கட்டுபவராகிவிடுவார்.

ஆகவே கார்டு வேண்டுமா என்ற கேள்விக்கு, செலவாளியா சிக்கனக்காரரா என்று பார்ப்பதற்கு முன்னால், பார்க்க வேண்டியவை இரண்டு. வருமானம் கெடுத் தேதிக்கு முன் நிச்சயமாக வருகிறதா? அது ஒரு மாதம் வராமல் போனாலும் பில்லைக் கட்டும் அளவுக்கு வங்கியில் பணம் கிடக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், கார்டு வைத்துக்கொள்வதில் லாபமே உண்டு. மோசடி நடந்தால் டெபிட் கார்டில் போவது சொந்தப் பணம். கிரெடிட் கார்டில் தகராறு தீரும்வரை மாட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வங்கியின் பணம். அட்டைக்காரரின் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அட்டைக்காரருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்பது பதிலானால், எத்தனை கட்டுப்பாடானவராக இருந்தாலும் தள்ளிப்போடுவதே நல்லது. அவசரத்துக்கு உதவும் என்று கார்டு வாங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசமான காரணம். கையில் பணமில்லாத அந்த நேரத்தில்தான் அது தன் விலையுயர்ந்த பாதியைக் காட்டுகிறது.

சிபில் மதிப்பெண்ணுக்காகக் கார்டு வாங்கியே தீர வேண்டும் என்று வங்கி ஏஜென்டுகள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 300 முதல் 900 வரை போகும் அந்த மதிப்பெண், கடன் வாங்கித் திருப்பிய வரலாற்றிலிருந்து உருவாகிறது. டூவீலர் கடனும் வங்கி நகைக்கடனும் அந்த வரலாற்றில் சேரும். முன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறைக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் அறிவுறுத்தியிருக்கிறது. கார்டுதான் வேண்டும் என்றால், வைப்புத்தொகையை ஈடாகக் காட்டி வாங்கும் கார்டு இருக்கிறது.

வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான், ஆனால் அதில் ஒன்று எளிதில் தவறிவிடும். ஆட்டோ டெபிட் பதிவு செய்யும்போது, டோட்டல் டியூவா மினிமம் டியூவா எதை எடுக்க வேண்டும் என்று படிவமோ செயலியோ கேட்கும். அந்த இடத்தில் மினிமம் டியூ தேர்வாகிவிட்டால், ஒரு கெடுவும் தவறாமலேயே ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டிக்கொண்டிருக்கலாம். பில் சுற்றின் தேதியைச் சம்பளத் தேதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வங்கி தர வேண்டும். கார்டுக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது என்பதும் விதி. லிமிட்டைக் குறைக்கச் சொல்லி நாமே கேட்கலாம், அதை ஏனோ பலரும் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு, ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டால் கட்டும் ரொட்டேஷன்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும் வழி. கார்டைத் தேய்த்துவிட்டு இரண்டு மூன்று சதவீதம் கழித்துக்கொண்டு ரொக்கமாகத் தரும் கடைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. அந்தக் கழிவு ஒவ்வொரு மாதமும் போகும் என்பதால், வட்டி கட்டாமல் வட்டி கட்டுவதாகத்தான் அது முடிகிறது. லிமிட் முழுதாக நிரம்பி ஒரு மாதம் சுழற்சி நின்றால் எல்லாக் கார்டும் ஒன்றாக விழும். கார்டு வட்டியில் பாதிக்கும் குறைவான விலையில் முடியும் வழி, வங்கியில் நகையை வைத்தோ தனிநபர் கடன் எடுத்தோ கார்டுப் பாக்கியை ஒரே தடவையில் தீர்த்துவிட்டு, ஒரு வட்டி ஒன்றரை வட்டிக்குள் தவணை கட்டுவது. இது தெரிந்தும் பலர் செய்யாமலிருப்பதற்குக் காரணம் கணக்குத் தெரியாததல்ல என்று நினைக்கிறேன். நகையை எடுக்க வேண்டுமானால் மனைவியிடமோ அம்மாவிடமோ கேட்க வேண்டும், எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கார்டுக் கடனுக்கு வீட்டில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கழுத்தில் சங்கிலி இல்லாததைப் பார்த்துக் கேட்கும் அக்கம்பக்கத்தாரும் அதற்குக் கிடையாது. முக்கால் வட்டிக்கும் மூன்றரை வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி, அந்தப் பேச்சைத் தவிர்ப்பதற்காக நாம் கொடுக்கும் விலை.

அதுவும் முடியாத நிலையில் வங்கியோடு பேசிப் பாக்கியை ஈ.எம்.ஐ.யாக மாற்றலாம். பாதித் தொகையைக் கட்டி 'செட்டில்மென்ட்' செய்துகொள்வது கடைசி வழி. கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும் குறி, அடுத்து வீட்டுக்கடன் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும். வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மிரட்டல் வந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும், 30 நாட்களில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். பாக்கி முழுவதும் தீர்ந்து கார்டை மூடச் சொன்னால், ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கார்டுக்காரருக்குத் தர வேண்டும். மூடியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டு, சில வாரங்கள் கழித்து, ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். கணக்கு இன்னும் திறந்திருப்பதாகவே அதில் இருந்தால் புகார் செய்யலாம். 30 நாட்களுக்குள் திருத்தப்படாவிட்டால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.